காயில்ஓவர் மாட்டிய காரில் கேம்பர்: அளவு, ஆபத்து, உரிமை

காரின் முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் உச்சி உள்நோக்கியோ வெளிநோக்கியோ சாய்ந்திருக்கும் கோணமே கேம்பர். உச்சி காரின் நடுப்பக்கமாகச் சாய்ந்திருந்தால் அது நெகட்டிவ் கேம்பர். மைனஸ் குறியிட்டு எழுதுவார்கள். வெளியே சாய்ந்திருந்தால் பாசிட்டிவ். டிகிரியிலும், டிகிரியின் அறுபதில் ஒரு பங்கான மினிட்டிலும் இது அளக்கப்படுகிறது. பார்வைக்கு மிகச் சிறிய சாய்வுதான். 17 அங்குல ரிம் ஒரு டிகிரி சாய்ந்தால் அதன் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட ஏறத்தாழ ஏழரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும். வளைவில் டயர் சாலையை எவ்வளவு கெட்டியாகப் பற்றும், பிரேக் அழுத்தும்போது எவ்வளவு ரப்பர் தரையில் படும், ஒரு ஜோடி டயர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கும் என்பவை எல்லாவற்றையும் அந்த ஏழரை மில்லிமீட்டர் பாதிக்கிறது.

காயில்ஓவர் என்பது ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒரே தொகுதி. அதன் உடலில் மரை வெட்டியிருக்கும். மரையில் ஏறி இறங்கும் காலரைத் திருப்பினால் காரின் உயரம் கூடும், குறையும். கம்பெனி சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு இதை மாட்டும்போது உயரம் மாறுகிறது. உயரம் மாறினால் கேம்பர் மாறுகிறது. கேம்பர் மாறினால் சக்கரத்தின் நேர்திசையைக் காட்டும் டோ மாறுகிறது. காயில்ஓவரை மாட்டிவிட்டுச் சக்கரக் கோணங்களை அளக்காமல் சாவியைக் கொடுக்கும் பணிமனை பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது. முழுப் பணத்தையும் கட்டும் உரிமையாளருக்கு மீதிப் பாதியையும் கேட்டு வாங்கும் உரிமை உண்டு. அந்த மீதிப் பாதி ஒரு தாள்: வேலைக்கு முன்பும் பின்பும் நான்கு சக்கரங்களின் கோணங்களையும் அச்சிட்ட வீல் அலைன்மென்ட் ரிப்போர்ட். சாலையில் பாதுகாப்புக்கும், பின்னால் தகராறு வந்தால் நீதிக்கும் அந்தத் தாளே அடிப்படை.

சாய்வு எங்கே தீர்மானமாகிறது

எல்லாக் கார்களிலும் காயில்ஓவர் கேம்பரை ஒரே விதமாக மாற்றுவதில்லை. மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் உள்ள காரில் ஷாக் அப்சார்பரே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூண். அதன் கீழ்முனை சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு பெரும்பாலும் இரண்டு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். மேல்முனை பானெட்டுக்குள் உள்ள ஸ்ட்ரட் டவரில் அமர்ந்திருக்கும். டொயோட்டா 86 காரின் முன்பக்கம் இப்படிப்பட்டது. போர்ஷே 718 காரில் முன்னும் பின்னும் ஸ்ட்ரட்தான். இந்தக் கார்களில் ஸ்ட்ரட்டை மாற்றுவது கேம்பரை நிர்ணயிக்கும் பாகத்தையே மாற்றுவதாகும். மாற்றிய பிறகு அலைன்மென்ட் பார்க்கத் தேவையில்லை என்று எவரேனும் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

டபுள் விஷ்போன் உள்ள கார்களில் மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கின்றன. அங்கே காயில்ஓவர் எடையைத் தாங்குமே தவிரச் சாய்வை நேரடியாகத் தீர்மானிக்காது. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 நான்கு சக்கரங்களிலும் இந்த அமைப்பு கொண்டது. கைகளின் உள்முனைகளில் உள்ள, மையம் விலகிய எக்சென்ட்ரிக் போல்ட்டுகளைத் திருப்பியே கேம்பரைச் சரிசெய்யலாம். ஆனால் காரைத் தாழ்த்தினால் கைகளின் கோணம் மாறி, இங்கும் சாய்வு கூடும்.

ஸ்ட்ரட் காரில் கேம்பரை மாற்ற இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று கீழே: நக்கிளோடு சேரும் மேல் போல்ட்டின் துளை நீளவாட்டில் வெட்டப்பட்டிருக்கும், அல்லது மெலிந்த தண்டுடைய எக்சென்ட்ரிக் போல்ட் போடப்படும். மற்றொன்று மேலே: ஸ்ட்ரட் டவரில் கேம்பர் பிளேட் என்ற தகடு வைத்து ஸ்ட்ரட்டின் உச்சியையே உள்ளே நகர்த்துவது. இரண்டும் ஒரே எண்ணைக் காட்டலாம். ஆனால் இரண்டின் விளைவும் ஒன்று இல்லை. கீழ் போல்ட்டில் சாய்த்தால் சக்கரம் மட்டும் சாய்கிறது. டயரின் உள்சுவர் காயில்ஓவர் உடலை நெருங்குகிறது. மேல் தகட்டில் நகர்த்தினால் ஸ்ட்ரட்டும் சக்கரமும் சேர்ந்து சாய்வதால் அந்த இடைவெளி அப்படியே இருக்கும். அகலமான டயர் போடுகிறவர்கள் மேல் தகட்டையே விரும்புவதற்குக் காரணம் இதுதான். அதற்கும் ஒரு விலை உண்டு: பல கேம்பர் பிளேட்டுகளில் ரப்பருக்குப் பதில் உலோகக் கோளத் தாங்கி இருக்கும். மேடுபள்ளச் சாலையில் அது சத்தம் போடும். தூசியிலும் மழையிலும் சீக்கிரம் தேயும்.

தாழ்த்தத் தாழ்த்தக் கார் வளைவில் நன்றாகப் பிடிக்கும் என்ற நம்பிக்கை ஸ்ட்ரட் கார்களில் ஓரளவுக்கு மேல் பொய்த்துப்போகிறது. கீழ்க் கை கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், சக்கரம் மேலே ஏறும்போது நெகட்டிவ் கேம்பர் கூடுவது குறைந்து, பிறகு எதிர்த்திசையிலேயே போகத் தொடங்கும். கார் உருளும் அச்சும் பாரமையத்தைவிட வேகமாகக் கீழே இறங்குவதால், ஸ்பிரிங் கடினமாக இல்லாவிட்டால் உடல் சாய்வது கூடவும் செய்யும். அழகுக்காகச் சக்கர வளைவை டயர் தொடும்வரை இறக்கிய கார், கம்பெனி உயரத்தில் இருந்ததைவிட மோசமாக வளைவது இதனால்தான்.

எவ்வளவு சாய்வு போதும்

வளைவில் காரின் உடல் வெளிப்பக்கம் சாயும்போது வெளிச்சக்கரமும் கூடவே சாய்கிறது. டயரின் வெளிவிளிம்பு மட்டும் சுமையைத் தாங்கி, உள்பகுதி தரையை விட்டு எழப் பார்க்கிறது. முன்கூட்டியே சக்கரத்தைச் சற்று உள்ளே சாய்த்து வைத்தால், உடல் சாயும் அந்தக் கணத்தில் டயர் முழு அகலத்தோடு தரையில் படும். நெகட்டிவ் கேம்பரின் பயன் இவ்வளவுதான். நேர்ச்சாலையில் அதே சாய்வு நட்டம்: டயரின் உள்விளிம்பில் அழுத்தம் கூடி, பிரேக்கின்போது தரையைத் தொடும் பரப்பு குறைகிறது, சாலையின் வரிப்பள்ளங்களைப் பின்பற்றிக் கார் அலைகிறது.

பெரும்பாலான சாலைக் கார்களில் முன்சக்கரக் கேம்பர் பூஜ்யத்துக்கும் மைனஸ் 1 டிகிரிக்கும் இடையில் இருக்கும். டொயோட்டா 86 விளையாட்டுக் காராக இருந்தும் கம்பெனியில் அதன் முன்சக்கரம் கிட்டத்தட்ட நிமிர்ந்தே நிற்கிறது. பின்சக்கரம் ஒரு டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாகச் சாய்ந்திருக்கும். உற்சாகமாக ஓட்டப்படும் சாலைக் காருக்கு முன்னால் மைனஸ் 1.5 முதல் 2 வரை வைப்பது வழக்கம். மைனஸ் 2.5 முதல் 3.5 வரையிலான அளவு பந்தயத் தடத்துக்கு உரியது. இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கோ கோயம்புத்தூர் கரி தடத்துக்கோ எப்போதாவது போய் வரும் காரை ஆண்டு முழுதும் தட அளவிலேயே அலுவலகத்துக்கு ஓட்டுவது வீண். கேம்பர் பிளேட்டில் கோடு கிழித்து வைத்துக்கொண்டு, தடத்துக்கு ஓர் இடம், சாலைக்கு ஓர் இடம் என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் டோ மாறும் என்பதை மறக்கக் கூடாது.

இடது, வலது வித்தியாசம் தனி எண்ணைவிட முக்கியம். இரண்டு பக்கமும் அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால், நெகட்டிவ் குறைவாக உள்ள பக்கமாகக் கார் இழுக்கும். ஒரு பக்கம் மைனஸ் 2, மறுபக்கம் மைனஸ் 1.2 என்று காட்டும் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான் இழுக்கும் என்று சமாதானம் சொல்வதை ஏற்க வேண்டியதில்லை.

டயர் தேய்மானத்துக்குக் கேம்பரை மட்டும் குற்றம் சொல்வது பரவலான தவறு. பெரும்பாலும் உண்மையான குற்றவாளி டோ. ஒரு சக்கரம் நேர்திசையிலிருந்து அரை டிகிரி விலகி உருண்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 9 மீட்டர் தூரத்துக்குச் சமமாக அது பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிறது. இதோடு நெகட்டிவ் கேம்பரும் சேர்ந்தால் அந்த உரசல் முழுவதும் டயரின் உள்விளிம்பில் விழும். அந்த விளிம்பு வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெளிப்பக்கம் புதிதுபோல் இருக்க, உள்பக்கம் கம்பி தெரியுமளவுக்குத் தேய்ந்த டயர்கள் நெடுஞ்சாலை வேகத்தில் வெடிப்பது இப்படித்தான். டயரின் பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் தேய்மான அடையாளக் கட்டிகள் இருக்கும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பி நிறுத்தி, உள்விளிம்பில் உள்ள கட்டியைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். தாழ்த்திய காருக்கு மாதம் ஒருமுறை அந்த நிமிடம் அவசியம். பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கித்தான் பார்க்க முடியும்.

வேலை நடக்க வேண்டிய வரிசை

பழைய ஸ்ட்ரட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஓர் அலைன்மென்ட் ரிப்போர்ட் எடுக்க வேண்டும். கார் முன்பே எங்காவது அடிபட்டு வளைந்திருந்தால் அது இப்போதே தெரிந்துவிடும். பிறகு பழியை யார்மேல் போடுவது என்ற வாக்குவாதம் எழாது. இந்த முதல் ரிப்போர்ட்டைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள். தகராறு வந்தபின் அதிகம் தேடப்படுவதும் இதுதான்.

மாட்டிய பிறகு முதலில் உயரம். நான்கு மூலைகளிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து, காலரைப் பூட்டி, காரைச் சிறிது தூரம் ஓட்டி, ஸ்பிரிங் படிந்தபின் மறுபடி அளக்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள கைகளின் போல்ட்டுகளைக் கார் லிஃப்டில் உயர்ந்திருக்கும்போது இறுக்கினால், கார் தரையில் அமர்ந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். கார் தன் எடையில் நிற்கும் உயரத்தில்தான் அவற்றை இறுக்க வேண்டும். அவசரமான பணிமனைகள் தவறாமல் தாண்டிவிடும் படி இது.

அதன்பின் சமதளமான அலைன்மென்ட் மேடையில், டயர்க் காற்று சரியாக, முடிந்தால் ஓட்டுநரின் எடை இருக்கையில் வைக்கப்பட்டு, பின்சக்கரங்களில் தொடங்கி முன்சக்கரங்களுக்கு வர வேண்டும். ஒவ்வொரு அச்சிலும் கேம்பர் முதலில், டோ கடைசியில். கேம்பரை மாற்றும்போது, ஸ்டீயரிங்கை நக்கிளோடு இணைக்கும் டை ராட்டின் நீளம் மாறாமல் நக்கிள் மட்டும் சாய்வதால் சக்கரம் திரும்பிவிடுகிறது. நெகட்டிவைக் கூட்டினால், டை ராட் அச்சுக்கு முன்னால் உள்ள கார்களில் பொதுவாகச் சக்கரங்களின் முன்பக்கம் விரியும். பின்னால் உள்ள கார்களில் சுருங்கும். டோவை முதலில் வைத்துவிட்டுக் கேம்பரைத் தொட்டால் முதல் வேலை வீணாகிவிடும்.

பின்பக்கத்தில் சக்கரத்தைப் பல கைகள் பிடிக்கும் மல்டிலிங்க் அமைப்பு உள்ள கார்களைத் தாழ்த்தும்போது பின்சக்கரக் கேம்பர் தானாகவே கூடும். கம்பெனி எக்சென்ட்ரிக் போல்ட்டை முழுதாகத் திருப்பினாலும் திரும்பி வராத அளவுக்குப் போய்விடலாம். அப்போது நீளம் மாற்றக்கூடிய கேம்பர் ஆர்ம் தனியாக வாங்க வேண்டும். இந்தச் செலவை விற்கும்போதே சொல்வது விற்பவரின் கடமை. காயில்ஓவர் விலையை மட்டும் சொல்லிக் காரைக் கழற்றிப் போட்டபின் அடுத்த பாகத்தின் பட்டியலை நீட்டுவது வாடிக்கையாளரை மூலையில் தள்ளும் வழக்கம்.

கடைசியாக, ஸ்டீயரிங் முழுதாகத் திரும்பிய நிலையிலும் சக்கரம் முழுதாக மேலேறிய நிலையிலும் டயர், பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் எதுவும் உரசவில்லை என்று பார்க்க வேண்டும். முகப்பு விளக்கின் ஒளிக்கோணமும் உயரத்தோடு மாறியிருக்கும். ஸ்டீயரிங் கோண சென்சாரையும், கண்ணாடியில் கேமரா உள்ள கார்களில் அந்தக் கேமராவையும் திரும்ப அளவீடு செய்யாவிட்டால், சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு தவறான கணக்கில் பிரேக் போடக்கூடும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லாப் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச்சால் சோதித்து, கோணங்களை இன்னொரு முறை அளப்பது வேலையின் ஒரு பகுதி. அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

மறுக்க வேண்டிய வேலைகள்

சில பணிமனைகளில் கேம்பர் கரெக்ஷன் என்ற பெயரில் ஹைட்ராலிக் ஜாக்கியை வைத்து ஸ்ட்ரட்டையே வளைக்கிறார்கள். எண் சரியாகிவிடும். ஆனால் வளைந்த குழாய்க்குள் நேரான தண்டு ஏறி இறங்க வேண்டியிருப்பதால் சீல் தேய்ந்து எண்ணெய் கசியும். தண்டே வளைந்துவிடவும் கூடும். பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய காயில்ஓவரில் இதைச் செய்ய எந்தச் சூழ்நிலையிலும் அனுமதிக்கக் கூடாது. நக்கிளின் துளையைக் கிரைண்டரால் அகலப்படுத்துவதும் இதே ரகம். அகலமான துளையில் போல்ட்டின் இறுக்கம் மட்டுமே சாய்வைப் பிடித்து நிற்கும். ஒரு பெரிய பள்ளத்தில் விழுந்ததும் அது நழுவினால், சக்கரம் ஓடும்போதே திசை மாறும். எக்சென்ட்ரிக் போல்ட் அசல் போல்ட்டைவிட மெலிந்தது என்பதால், அதைத் தயாரிப்பாளர் சொன்ன டார்க் அளவில்தான் இறுக்க வேண்டும். ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய போல்ட் என்று கையேடு சொன்னால் புதியது போட வேண்டும்.

உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்றும் உண்டு. அசல் ஸ்ட்ரட்டில் அழுத்தி வைக்கப்பட்ட ஸ்பிரிங்கை ஸ்பிரிங் கம்ப்ரெசர் கொண்டு அடக்காமல் உச்சி நட்டைக் கழற்றினால், அது துப்பாக்கிக் குண்டுபோல் வெளியே பாயும். வீட்டு வாசலில் தாமே மாட்டிக்கொள்ள நினைப்பவர்கள் இந்த ஒரு வேலையை மட்டுமாவது தெரிந்தவர்களிடம் விட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. வாகனத்தின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே மாற்றம் என்று அந்தப் பிரிவே விளக்குகிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளரின் அசல் விவரக்குறிப்பை மாற்றும் வகையில் வாகனத்தைத் திருத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத முறையில் பாகங்களைப் பொருத்தி வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பாதுகாப்புக்கு முக்கியமானதென வரையறுக்கப்பட்ட பாகத்தை விதிகளுக்கு ஒவ்வாமல் விற்பவருக்கும் அதே பிரிவில் ஓராண்டுவரை சிறையோ, ஒரு பாகத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு.

சட்டத்தில் காயில்ஓவர், கேம்பர் என்ற சொற்கள் இல்லை. தேய்ந்த ஷாக் அப்சார்பருக்குப் பதில் அதே உயரத்துக்குத் தரமான மாற்றுப் பாகம் போடுவதும், காரை நான்கு அங்குலம் தாழ்த்திச் சக்கரங்களை விரித்து நிறுத்துவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றாக இருக்க முடியாது. ஆனால் எல்லைக்கோடு எங்கே என்பது சாலையில் நிற்கும் அதிகாரியின் பார்வையைப் பொறுத்துவிடுகிறது. ஆகவே வேலைக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுத்தில் விவரம் கொடுத்துப் பதிலைப் பெற்று வைப்பது உரிமையாளரைக் காக்கும். ‘எல்லாரும் போடுறாங்க, ஒண்ணும் ஆகாது’ என்று கடைக்காரர் சொல்வது எந்த நீதிமன்றத்திலும் நிற்காது.

ஜெர்மனியில் இந்தக் குழப்பம் குறைவு. அங்கே சஸ்பென்ஷன் பாகத்தோடு சோதனை அறிக்கையோ பொது அனுமதியோ வர வேண்டும். பெரும்பாலான மாற்றங்களை அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகர் பார்த்து வாகன ஆவணங்களில் பதிகிறார். ஜெர்மன் காயில்ஓவர் பெட்டிக்குள் கிடைக்கும் அந்த அறிக்கை இந்தியாவில் அனுமதிச் சீட்டு ஆகாது. ஆனால் எந்தக் காருக்கு, எந்த உயரம்வரை அது சோதிக்கப்பட்டது என்று அதில் அச்சிட்டிருக்கும். அந்த எல்லைக்குக் கீழே இறக்கிக் கொடுக்கும் பணிமனை, தயாரிப்பாளரே பொறுப்பேற்காத இடத்துக்குக் காரைக் கொண்டுபோகிறது. அறிக்கையைத் தூக்கி எறியாமல் பில்லோடு சேர்த்து வைக்க வேண்டும்.

காப்பீட்டில் விழும் ஓட்டை

கார் காப்பீட்டு ஒப்பந்தம் உண்மைகளை மறைக்காமல் சொல்வதன் மேல் நிற்கிறது. சஸ்பென்ஷனை மாற்றியதை நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் விட்டால், சொந்தக் காரின் சேதத்துக்கான கோரிக்கையை மறுக்கவோ குறைக்கவோ அதற்கு ஒரு காரணம் கிடைக்கும். வாகனத்தை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்பதும் பாலிசியின் நிபந்தனை. உள்விளிம்பு தேய்ந்த டயரோடு நடந்த விபத்தில் சர்வேயர் முதலில் அதைத்தான் படம் எடுப்பார். மாற்றத்தைக் கடிதத்திலோ மின்னஞ்சலிலோ சொல்லி, அதைப் பாலிசியில் பதியும் எண்டார்ஸ்மென்ட் கேட்டு, பதிலைப் பாதுகாப்பது மட்டுமே வழி. கூடுதல் பிரீமியம் கேட்டாலும் கட்டிவிடலாம்.

தடத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. தனியார் கார் பாலிசி, ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்று பாலிசித் தாளிலேயே எழுதியிருக்கும். மூன்றாம் நபருக்கான காப்பீட்டிலும் நிறுவனம் பொறுப்பை மறுக்கச் சட்டம் அனுமதிக்கும் காரணங்களில் பந்தயப் பயன்பாடும் உண்டு. சாலையில் மற்றவருக்கு நேரும் காயத்தைப் பொறுத்தவரை சட்டம் பாதிக்கப்பட்டவரின் பக்கம் நிற்கிறது. கேம்பர் மாற்றியிருந்தார் என்று சொல்லி மட்டும் அவருக்குரிய இழப்பீட்டை நிறுவனம் தட்டிக்கழிப்பது எளிதல்ல.

கோரிக்கை மறுக்கப்பட்டால், மாற்றத்துக்கும் விபத்துக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் காரணம் கேட்க வேண்டும். நின்றுகொண்டிருந்த காரைப் பின்னாலிருந்து ஒருவர் இடித்திருந்தால் முன்சக்கரக் கேம்பருக்கு அதில் என்ன பங்கு? நிபந்தனை மீறலுக்காகக் கோரிக்கை முழுவதையும் நிராகரிக்காமல், ஒரு பகுதியைக் கழித்துக் கொடுக்கும் வழியை உச்ச நீதிமன்றம் 2010இல் அமலேந்து சாகூ வழக்கில் ஏற்றது. அது தனியார் காரை வாடகைக்கு விட்ட வழக்கு; ஆயினும் முழு மறுப்பை எதிர்த்து வாதிட அந்தத் தீர்ப்பு துணை நிற்கும். முதல் புகார் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ காப்பீட்டு ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம், மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அந்த அலுவலகம் சென்னையில் உள்ளது.

பணிமனையோடு தகராறு வந்தால்

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு, பொருளின் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என மூன்று கதவுகள் உள்ளன. அலைன்மென்ட் செய்யாமல் காரைக் கொடுத்தது சேவைக் குறைபாடு. எண்ணெய் கசியும் புது காயில்ஓவர் பொருளின் குறைபாடு. பில் கொடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஜிஎஸ்டி இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்ற பேச்சுக்கு மயங்குகிறவர் சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடித்து, தாம் வாடிக்கையாளர் என்பதற்கான அத்தாட்சியையே இழக்கிறார். பில்லில் பாகத்தின் பிராண்டு, எண், வேலையின் விவரம், கூலி எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். கழற்றிய கம்பெனி ஸ்ட்ரட்டுகள் உரிமையாளரின் சொத்து. அவற்றையும் கேட்டு வாங்க வேண்டும்.

தவறான பொருளாலோ வேலையாலோ உடலுக்கோ வேறு சொத்துக்கோ தீங்கு நேர்ந்தால், அதே சட்டத்தின் தயாரிப்புப் பொறுப்பு அத்தியாயம் தயாரிப்பாளர், விற்பவர், சேவை தருபவர் மூவரையும் எட்டும். எச்சரிக்கையும் வழிமுறையும் போதுமான அளவு தராத சேவை தருபவரும் பொறுப்பாவார். இதில் ஒரு பொறி உண்டு: தீங்கு நேர்ந்த நேரத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றப்பட்டிருந்தாலோ விற்பவர் மேல் அந்த வழக்கு நிற்காது. பணிமனையை விட்டு வந்த பிறகு வீட்டில் காலரை இரண்டு சுற்று இறக்கிப் பார்த்த உரிமையாளர், தெரியாமலே எதிர்த்தரப்புக்கு வாதத்தைக் கொடுத்துவிடுகிறார். வேலை முடிந்ததும் காலரிலும் கேம்பர் போல்ட்டிலும் பெயின்ட் கோடு போடச் சொல்லிப் படம் எடுத்து வைத்தால், பின்னால் யார் தொட்டது என்ற கேள்விக்குக் கோடே பதில் சொல்லும்.

கோளாறு தெரிந்தவுடன் அந்தப் பணிமனையே மறுபடி கழற்றிப் பார்க்க விடுவதற்கு முன், வேறொரு இடத்தில் அலைன்மென்ட் ரிப்போர்ட் எடுக்க வேண்டும். டயரின் உள்விளிம்பையும் போல்ட்டுகளையும் படம் பிடிக்க வேண்டும். வெடித்த டயரை எறியக் கூடாது. குறைபாட்டை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சோதிக்கப் பொருள் கையில் இருந்தால்தான் அந்த அதிகாரம் பயன்படும். அடுத்து, என்ன குறை, என்ன தீர்வு வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அறிவிப்பு. பல தகராறுகள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம்வரை மனுக் கட்டணம் இல்லை. பெங்களூரிலோ புனேயிலோ மாட்டிய காயில்ஓவருக்கும் மனுதாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு வர வேண்டும்.

கார் கம்பெனியின் வாரண்டி வேறு கணக்கு. காயில்ஓவர் மாட்டியதும் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், டிரைவ் ஷாஃப்ட் தொடர்பான கோரிக்கைகளை டீலர் மறுப்பது எதிர்பார்க்கத்தக்கது. ஆனால் ஏசியோ பவர் விண்டோவோ பழுதானால் சஸ்பென்ஷனைக் காட்டி மறுக்க முடியுமா என்பது வாரண்டிப் புத்தகத்தின் வாசகத்தைப் பொறுத்தது. அதைப் படித்து, மறுப்பை எழுத்தில் கேட்டு, அதே ஆணையத்தில் எதிர்க்கலாம்.

காரை விற்கும்போதோ, 15 ஆண்டுகள் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதோ அசல் ஸ்ட்ரட்டுகளைத் திரும்ப மாட்ட வேண்டி வரலாம். அப்போதும் கேம்பரும் டோவும் முதலிலிருந்து அளக்கப்பட வேண்டும். மாற்றத்தோடேயே விற்பதானால், காயில்ஓவரின் பில், எண்டார்ஸ்மென்ட், கடைசி அலைன்மென்ட் ரிப்போர்ட் மூன்றையும் வாங்குபவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டும்.